அண்ணிகேரியில் ஒரு தாய்வீடு

ஹொசகொப்பா
19 ஜனவரி 1986

சம்பந்தியம்மாள் சுந்தராபாய் அவர்களுக்கு,

பாகீரதி எழுதுவது. நலம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும் என்பது முறை. விசாரித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேதவதி கடிதம் போட்டிருந்தாள். மூன்று மாதமாகக் குளிக்காமல் இருக்கிறாளாம். இதை என் மகளே எழுதித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மாமியார் வீட்டிலிருந்து ஒரு கார்டுகூட இல்லை. போகட்டும். போன வைகாசியில் இங்கே நடந்த கல்யாணப் பந்தியில் நாம் இரண்டு பேரும் பேசிக்கொண்ட அழகுக்குக் கார்டு வந்தால்தான் ஆச்சரியம். மாவடுவைக் கரைத்துத் தாளித்த எங்கள் அப்பெச் சாற்றை டம்ளரில் வைத்தால், நீங்கள் அதை இலையோரம் ஊற்றிக் கை கழுவினீர்கள். "கை கழுவுற தண்ணியில எதுக்கு இத்தனை புளிப்பு?" என்று கேட்டது கடைசிப் பந்தி வரைக்கும் கேட்டது. நானும் சும்மா இருந்திருக்கலாம். உங்கள் சோளரொட்டியை வைத்து எங்கள் மாட்டுக்கொட்டகைக்கு ஓடு மேயலாம் என்று சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் முதலில் கை கழுவியது நான் இல்லை.

இருக்கட்டும். அவளுக்கு எதைத் தின்றாலும் குமட்டுகிறதாம். தொடதேவும் மாவடுவும் கேட்டு நாக்கு அலைகிறதாம். இங்கே தோட்டத்தில் கரும்பாலை நடக்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லாம் சாறு குடித்துவிட்டுத்தான் போகிறார்கள். அந்தச் சாற்றில் அரிசி மாவைக் கரைத்து, கவிழ்த்த பானை மேல் தேய்த்துத் தொடதேவு வார்த்திருக்கிறேன். ஒரு டின் தொடதேவு, ஒரு ஜாடி மாவடு, ஒரு தூக்குப் பாகு வெல்லம். ஹூப்ளி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். என் மகள் கையில் சேர்த்துவிடுங்கள். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் நீங்கள் தொட வேண்டாம்.

பாகீரதி ஹெக்டே


அண்ணிகேரி
1 பிப்ரவரி

பாகீரதியம்மாளுக்கு சுந்தராபாய் குல்கர்ணி எழுதுவது.

டின் வந்தது. ஜாடி வந்தது. தூக்கும் வந்தது, மூடி நிறைய எறும்போடு.

நாலாம் மாதம் பிறக்கும் வரை கர்ப்பத்தை வெளியே சொல்வதில்லை. அது எங்கள் வழக்கம். கார்டு போடாததற்குக் காரணம் அதுதான். உங்களை அவமானப்படுத்த நினைத்தால் எனக்கு வேறு வழியா இல்லை?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் உங்கள் மகள் எழுதிவிடுவாள். டின்னைத் திறந்தேன். மேலே செய்தித்தாள். அதன் கீழே பழுப்பாக, மெல்லிசாக, நாலாக மடித்த காகிதங்கள். அதற்கும் கீழே மறுபடி செய்தித்தாள். பண்டத்தைக் காணோம். "பேப்பரா சுத்தி சுத்தி வச்ச உங்க சம்பந்தி, உள்ள வைக்க வேண்டியத மறந்துட்டாங்க பாருங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அந்தப் பழுப்புக் காகிதத்தை அள்ளிக்கொண்டுபோய் எருமைத் தொட்டியில் போட்டார். எருமை தின்ற அவசரத்தைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

வேதா ஓடி வந்தாள். முதலில் அழுதாள். அப்புறம் தொட்டி ஓரமாகவே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். "அத்தே, எங்கம்மா முதுகு ஒடிய வார்த்தது உங்க எருமைக்கு மசக்கை தீர்க்கவா?" என்றாள். என் மகன் பிரகலாதனும் அவளோடு சேர்ந்துகொண்டான். நான் சிரிக்கவில்லை. காகிதம் மாதிரி செய்தால் காகிதம் என்றுதான் நினைப்பார்கள்.

உங்கள் மகள் பட்டினியில்லை. வயலில் பால்சோளக் கதிரைத் தணலில் சுட்டு, சூட்டோடு உதிர்த்துக் கொடுத்தோம். உங்கள் பாகு வெல்லத்தைத் தொட்டுக்கொண்டு இரண்டு கை நிறையத் தின்றாள். வாந்தி இல்லை. வெல்லம் நன்றாகத்தான் இருந்தது.

சம்பந்தி வீட்டு டின்னை வெறுமையாகத் திருப்பக் கூடாது. காய்ந்த சோளரொட்டியும் வேர்க்கடலைப் பொடியும் வைத்திருக்கிறேன். கொட்டகைக்கு மேய்ந்தாலும் சரி.

சுந்தராபாய்


ஹொசகொப்பா
17 பிப்ரவரி

சம்பந்தியம்மாளுக்கு,

உங்கள் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். இவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். எருமை வந்த இடத்தில் சிரித்து, பாக்கு தொண்டைக்குள் போய், முதுகில் தட்ட வேண்டியதாகிவிட்டது. நான் கோபமாகத்தான் இருந்தேன். அடுப்படிக்குப் போனதும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உங்கள் எருமைக்கு என் ஆசீர்வாதம். ருசி தெரிந்த ஜீவன்.

மறுபடி ஒரு டின் அனுப்புகிறேன். ஆலை முடிந்துவிட்டது, கடைசிச் சாற்றில் வார்த்தது. மூடியின் உள்பக்கம் 'இது தின்பதற்கு' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

உங்களைப் பார்த்து மட்டும் சிரித்தால் நியாயம் ஆகாது. கடிதத்துக்கு முன்பே டின் வந்துவிட்டது. உள்ளே இருந்தது வட்டமாக, மெல்லிசாக, காய்ந்து, முறுமுறுவென்று இருந்ததா, அப்பளம் என்று நினைத்துத் தேங்காயெண்ணெயைக் காயவைத்துப் பொரித்துவிட்டேன். சட்டியில் இருந்த எண்ணெயை எல்லாம் அது குடித்துவிட்டது. இவர் ஒரு விள்ளல் கடித்துவிட்டு, "நம்ம வேதா தினமும் இதையா திங்கறா? பாவம்டி" என்று கண் கலங்கினார். அப்புறம் அவள் கடிதத்தில் இருந்த செய்முறைப்படி, நொறுக்கித் தயிரில் ஊறவைத்து, மேலே வேர்க்கடலைப் பொடியைத் தூவிச் சாப்பிட்டோம். டின் காலி. இதற்கு மேல் என்னைப் புகழச் சொல்லாதீர்கள்.

ஏப்ரலில் அவளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்கு நாங்கள் அண்ணிகேரி வந்து, அப்படியே அவளைப் பிரசவத்துக்கு இங்கே அழைத்துவருகிறோம். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது உங்கள் பக்கமும் உண்டுதானே. அவள் படுக்க மேற்கு அறையை வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

பாகீரதி


அண்ணிகேரி
6 மார்ச்

பாகீரதியம்மாளுக்கு,

தொடதேவு வந்தது. ஒட்டியிருந்ததைப் படித்தேன். எனக்குப் படிக்கத் தெரியும். நெய் தடவித் தின்றால் நாக்கில் வைத்ததும் கரைகிறது. ஒத்துக்கொள்கிறேன்.

மாவடு ஜாடியைப் பற்றி ஒரு கேள்வி. காய் முழுகும் அளவுக்குக் கலங்கலாக உப்புத் தண்ணீர் இருந்தது. வழியில் கெட்டுவிட்டது என்று அதைக் கொட்டி, வடுவை நாலு தண்ணீர் விட்டுக் கழுவி, துணியில் துடைத்துக் காயவைத்தேன். அப்புறம் வாசனையே இல்லை. வேதா தலையில் கை வைத்துக்கொண்டு, "அந்தத் தண்ணியிலதான் அத்தே உசிரே இருக்கு" என்கிறாள். அப்படியா?

பிரசவத்துக்கு அனுப்புவது பற்றி. முடியாது.

கோபித்துக்கொண்டாலும் சரி, யோசித்துப் பாருங்கள். பிறப்பது ஆனி மாதம். உங்கள் ஊரில் அப்போது மழை விடாது. ஓடையில் தண்ணீர் வந்தால் மரப்பாலம் முழுகிவிடும் என்று நீங்களே கல்யாணத்தின்போது பெருமையாகச் சொன்னீர்கள். ஆஸ்பத்திரி சித்தாபுரத்தில். வலி எடுத்தால் டாக்டர் வருவதற்குள் அட்டைப்பூச்சி வந்துவிடும். இங்கே மண் கறுப்பு, வானம் வறட்சி. ஆனால் தெருமுனையில் ஆஸ்பத்திரி. என் பேரப்பிள்ளையை ஓடையைத் தாண்டி நான் அனுப்பமாட்டேன்.

சுந்தராபாய்


ஹொசகொப்பா
20 மார்ச்

சம்பந்தியம்மாளுக்கு,

வடுத் தண்ணீரைக் கொட்டினீர்கள். அதற்கு நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆற்றங்கரையில் அந்த ஒரு மரத்துக் காய்க்குத்தான் அந்த வாசனை. காம்போடு, பால் சிந்தாமல், கையில் பறித்து, உப்பில் போட்டு, அது தானாக விட்ட தண்ணீர். ஒன்றும் சொல்லப்போவதில்லை என்றேன், சொல்லிவிட்டேன்.

எனக்கு ஒரே மகள். காலேஜ் படிக்க தார்வாடுக்கு அனுப்பினேன். அவள் உங்கள் மகனைக் கண்டாள், பிடித்திருக்கிறது என்றாள், சரி என்றேன். மலைநாட்டுப் பெண்ணை வெயில்நாட்டுக்கா கொடுப்பார்கள் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அவர்களுக்கும் சாப்பாடு போட்டு அனுப்பினேன். அவள் போனதிலிருந்து இந்த வீட்டில் நாங்கள் இருவரும் கொட்டகையில் மாடுகளும்தான். பிள்ளை பெற வருவாள், வெந்நீர் ஊற்றித் தலை துவட்டுவேன், மிளகுக் குழம்பு வைப்பேன், அவள் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன் என்றுதான் ஒவ்வொரு நாளையும் தள்ளுகிறேன். உங்களுக்கு இனி வருஷம் முழுக்க அவள் இருக்கிறாள். எனக்கு இந்தச் சில மாதம்தான். அதையும் தரமாட்டேன் என்கிறீர்கள்.

மழைக்கு முன்பே அவளைச் சித்தாபுரத்தில் என் தம்பி வீட்டில் கொண்டுவைக்கிறேன். அங்கிருந்து ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். ஓடையும் இல்லை, பாலமும் இல்லை. இதற்கு மேல் கெஞ்ச எனக்குத் தெரியாது.

பாகீரதி


அண்ணிகேரி
2 ஏப்ரல்

பாகீரதியம்மாளுக்கு,

உங்கள் கடிதத்தை நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. ஆனால் பிரகலாதன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உனக்கு உன் அம்மா வீட்டுக்குப் போகணும்னு இருந்ததே இல்லயா?" என்று கேட்டான். அவன் அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டு ரொட்டி தின்னப் போய்விட்டான்.

எனக்குக் கல்யாணமான வருஷமே அம்மா போய்விட்டாள். இவனை இந்த வீட்டில்தான் பெற்றேன். என் மாமியார் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் வலி வந்தபோது "அம்மா" என்று கத்தினேன், "என்ன?" என்று கேட்க ஆள் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அது நினைவுக்கு வந்தது. அதற்காக உங்களிடம் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

வளைகாப்பு ஏப்ரல் கடைசியில். வாருங்கள். அழைத்துக்கொண்டு போங்கள். சித்தாபுரத்தில்தான் வைக்க வேண்டும். ஹொசகொப்பா என்றால் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

பியாடகி மிளகாய் காய்ந்து கிடக்கிறது. நீங்கள் வரும்போது ஒரு மூட்டை தருகிறேன். காரம் குறைவு, நிறம் அதிகம். என்னைப் போல் இல்லை.

சுந்தராபாய்


அண்ணிகேரி
24 ஏப்ரல்

பாகீரதி,

தந்தி அடித்தால் பயந்துவிடுவீர்கள் என்று கடிதம் எழுதுகிறேன். முதலில் இதைப் படியுங்கள்: வேதாவும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் நலம்.

நேற்றுக் காலை வேதாவுக்குக் கொஞ்சம் உதிரம் பட்டது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிள்ளை நன்றாகத் துடிக்கிறது என்றார் டாக்டரம்மா. ஆனால் பிரசவம் வரைக்கும் படுக்கையை விட்டு எழக் கூடாதாம். பஸ் கூடாது, கார் கூடாது, வண்டி கூடாது. நான், "மலைப்பாதைதான், மெதுவா ஓட்டுவாங்க" என்று உங்களுக்காகக் கேட்டேன். டாக்டரம்மா, "நீங்க பெரியவங்க, நான் சொல்லவேண்டியதில்ல" என்று ஒரு பார்வை பார்த்தார்.

அனுப்ப மனசு வந்த பிறகு இப்படி ஆகிவிட்டது. நான் வேண்டுமென்று நிறுத்தவில்லை. அதை மட்டும் நம்புங்கள்.

கிளம்பி வாருங்கள்.

சுந்தராபாய்


ஹொசகொப்பா
12 மே

சம்பந்தியம்மாளுக்கு,

வந்தேன், பார்த்தேன், இரண்டே நாளில் திரும்பிவிட்டேன். உங்கள் வீட்டில் நாம் இருவரும் உப்பு எங்கே, துணி எங்கே என்பதைத் தவிர எதுவும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் ராத்திரி அவள் புரண்டபோது நான் எழுவதற்குள் நீங்கள் எழுந்து தலையணையைச் சரிசெய்ததைப் பார்த்தேன். உங்களை நம்புகிறேன்.

என்னால் அங்கே வந்து தங்க முடியவில்லை என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது. மாடும் சாமியும் இருக்கிற வீட்டைப் பூட்ட முடியுமா? விளக்கேற்ற வேண்டும், நைவேத்தியம் வைக்க வேண்டும். சிவப்புப் பசு கன்று போடும் நாள். மழைக்கு முன்னால் பாக்குக் குலைக்கு மருந்தடிக்க ஆட்கள் வருகிறார்கள், அவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். அப்பளத்துக்கு வெட்டிப்போட்ட பலாக்காய் கூடம் முழுக்கக் கிடக்கிறது. இவருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. நான் அங்கே வந்திருந்த இரண்டு நாளில் பால் பொங்கி அடுப்பை அணைத்து, அந்த அடுப்பை மறுபடி பற்றவைக்கப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டிருக்கிறார்.

என் மகளுக்கு முதல் பிரசவம். நான் இங்கே பலாப்பால் ஒட்டின கையோடு உட்கார்ந்திருப்பேன். யாரையும் குறை சொல்லவில்லை. அவளிடம் மட்டும் நான் அழுததாகச் சொல்லாதீர்கள்.

பாகீரதி


அண்ணிகேரி
18 மே

பாகீரதி,

இனிமேல் 'நீங்கள்' எல்லாம் எழுதமாட்டேன். உன்னைவிட நான் மூத்தவள்.

நன்றாக யோசித்துவிட்டேன். வேதாவைத் தாய்வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. சரி. தாய்வீட்டை இங்கே கொண்டுவருவோம்.

நீ இங்கே வா. நானும் என் வீட்டுக்காரரும் உன் ஊருக்குப் போகிறோம். சாவிக்கொத்தை உன் இடுப்பில் செருகிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். அந்த நிமிஷத்திலிருந்து அது பாகீரதி வீடு. அடுப்பு உன்னுடையது, உறி உன்னுடையது, எருமையும் உன்னுடையது. பிரகலாதன் அங்கே மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்குச் செய்யவேண்டிய மரியாதையைச் செய், ஆனால் அதிகமாகச் செய்யாதே, கெட்டுப்போவான்.

உன் மாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் சாமிக்கு விளக்கேற்றுகிறேன். ஆட்களுக்குச் சோறு போடுகிறேன். உன் பலாக்காயை என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போ.

நானும் இங்கேயே இருந்துவிட்டு உன்னையும் வரச் சொல்லியிருப்பேன். உன் வீட்டை யார் பார்ப்பது? அதோடு, ஒரே அடுப்பில் நாம் இரண்டு பேர் நின்றால் அது அவளுக்குத் தாய்வீடாகவும் இருக்காது, மாமியார் வீடாகவும் இருக்காது, சந்தைக்கடையாக இருக்கும்.

இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நம்ம வீட்டு முதல் பேரப்பிள்ளை பிறக்கறப்ப நாம ஊர்ல இல்லாம போறதா? உனக்குப் பைத்தியமா?" என்றார். ஆமாம் என்றேன். பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

சுந்தரா


அண்ணிகேரி
8 ஜூன்

அக்கா,

உன் வீட்டிலிருந்து உனக்கே கடிதம் எழுதுகிறேன். விலாசம் எழுதும்போது கை தடுமாறி என் பெயரையே எழுதிவிட்டேன்.

வேதா நலம். படுத்தே இருக்கிறாள், கன்னம் பூரித்திருக்கிறது. நீ சொன்ன மாதிரி கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறேன். காலையில் தலைவாரிவிடுகிறேன். மத்தியானம் அவள் காலைப் பிடித்துவிடுகிறேன், "போதும்மா" என்பாள், நான் விடுவதில்லை. பழைய கதையெல்லாம் பேசுகிறோம். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதினால் கண்ணூறு பட்டுவிடும்.

இப்போது குறைகள். உன் சமையலறையில் எந்தப் பாத்திரமும் கைக்கு எட்டாது. நீ என்ன ஒட்டகமா? தண்ணீர் உப்பு. காற்று அடித்தால் கறுப்பு மண் சோற்றில் விழுகிறது. உன் எருமை என்னைப் பார்த்தால் பால் சுரக்கமாட்டேன் என்கிறது. பாகு வெல்லம் விரலில் தொட்டு நக்கக் கொடுத்தேன், அதன் பிறகு சுரக்கிறது.

சோளரொட்டி தட்டக் கற்றுக்கொள்கிறேன். முதல் நாள் தட்டியது கல்லுக்குப் போவதற்குள் மூன்று துண்டாகிவிட்டது. இரண்டாம் நாள் ஓரம் மட்டும் நின்றது, நடுவில் ஓட்டை. அதை மாப்பிள்ளைக்குப் போட்டேன். அவர் ஓட்டை வழியாக என்னைப் பார்த்து, "அத்தே, இது எங்க ஊர் ரொட்டியோட சன்னலா?" என்றார். வேதா கட்டிலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் எனக்குப் பயமே வந்துவிட்டது. "சிரிக்காதடி, இப்பவே வெளிய வந்துடப் போகுது" என்றேன். உள்ளே இருப்பதும் சேர்ந்து குதிக்கிறதாம். என் கையை எடுத்து வைத்துக் காட்டினாள்.

நேற்று ஒன்று முழுசாக வந்தது, வட்டமாக, கல்லில் உப்பி. யாருக்கும் கொடுக்காமல் நானே தின்றேன்.

பாகீரதி


ஹொசகொப்பா
20 ஜூன்

பாகீரதி,

உன் ஊரில் வானத்துக்கு மூடியே கிடையாதா? வந்ததிலிருந்து என் புடவை ஒன்றும் காயவில்லை. அட்டைப்பூச்சி என் வீட்டுக்காரரை விரும்பிக் கடிக்கிறது. உன் வீட்டுக்காரர் சுண்ணாம்பும் புகையிலையும் கசக்கிக் காலில் தடவிவிடுகிறார். இரண்டு கிழவர்களும் நாள் முழுக்க ஊஞ்சலில் உட்கார்ந்து பாக்கு மென்றுகொண்டு, மழை எப்போது விடும் என்று பந்தயம் கட்டுகிறார்கள். இரண்டு பேருமே ஜெயிப்பதில்லை.

சிவப்புப் பசு கன்று போட்டது. கிடாரி. நான்தான் பக்கத்தில் இருந்தேன். உன் வீட்டுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு வாசலில் நின்றார். சீம்பாலை வெல்லம் போட்டுக் கிளறி, தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தேன். இந்த ஊரில் எல்லா வீடும் ஒன்றுக்கொன்று அரை மைல் என்று அப்போதுதான் தெரிந்தது.

பலாக்காய் அப்பளம். நீ எழுதிவைத்தபடி வேகவைத்து, இடித்து, மிளகாய் உப்புச் சேர்த்து உருட்டினேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் இலைக்கு நடுவில் வைத்து அமுக்கிக் காகிதம் மாதிரி எடுத்தார்கள். என் கைக்கு அது வரவில்லை. ரொட்டி தட்டுகிற கை, தட்டிவிட்டேன். "சுந்தரக்கா, இது அப்பளமா, சாமிக்குப் பீடமா?" என்று ஒருத்தி கேட்டாள். வெயிலும் இல்லை. அடுப்பு மேல் பரணில் வைத்துப் புகையில் காயவைத்தோம். பொரித்தால் உள்ளே மெத்தென்று, வெளியே மொறுமொறுவென்று இருக்கிறது. முதலில் சிரித்தவளே இப்போது, "எனக்குக் கொஞ்சம் தடிமனா" என்று கேட்டு வாங்குகிறாள்.

அப்பெச் சாறு வைத்தேன். இரண்டு டம்ளர் குடித்தேன். குடித்தவள் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரம் வரை அசந்து தூங்கினேன். இதைப் போய்க் கல்யாணத்தில் கைகழுவினேனே என்று இருந்தது. மன்னித்துவிடு. ஒரு தடவைதான் சொல்வேன்.

நாள் நெருங்குகிறது. காலையில் உன் சாமிக்கு விளக்கேற்றும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். இங்கே வர வேண்டும் என்று சொன்னவள் நான்தான், வருத்தமில்லை. ஆனால் பஸ் சத்தம் கேட்டால் ஓடிப்போய்ப் பார்க்கிறேன்.

சுந்தரா


அண்ணிகேரி
1 ஜூலை

அக்கா,

தந்தி கிடைத்திருக்கும். நேற்று விடிந்த கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை. சுகப்பிரசவம். வேதா களைத்திருக்கிறாள், ஆனால் கண் திறந்து கஞ்சி கேட்டாள்.

வலி எடுத்ததும் "அம்மா" என்றாள். நான் பக்கத்தில் இருந்தேன். "என்னம்மா?" என்றேன். அப்போது உன்னை நினைத்துக்கொண்டேன் அக்கா. கொஞ்ச நேரம் கழித்து வலி தாங்கமாட்டாமல் "அத்தே எங்க?" என்றும் கேட்டாள். அதையும் உனக்குச் சொல்லாமல் விடக் கூடாது.

நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். முதலில் கையில் வாங்கியது நான். உனக்கு வர வேண்டியதை நான் வாங்கிக்கொண்டேன் என்று தோன்றியது. உன் மூக்கு. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

உடனே வா.

பாகீரதி


ஹொசகொப்பா
6 ஜூலை

பாகீரதி,

தந்தி வந்தபோது கொட்டகையில் இருந்தேன். உன் வீட்டுக்காரர் நனைந்துகொண்டே ஓடிவந்து, "பொண்ணு! பொண்ணு!" என்று கத்தினார். நான் கன்றுக்குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். கொஞ்சம் வேறு அழுகையும் இருந்தது. நான் அங்கே இல்லையே என்று. அதைச் சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும் என்று சொல்லிவிட்டேன். தீர்ந்துவிட்டது.

பக்கத்து வீட்டு மூத்தவள் ஒருத்தி, "முதல்ல பொண்ணா..." என்று இழுத்தாள். "மாடு கன்னு போட்டா மட்டும் கிடாரி வேணும்னு வேண்டிக்கிறீங்க" என்றேன். அப்பளம் கொடுத்து அனுப்பினேன், மெல்லிசாக இருந்ததைத்தான்.

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். உன் மரப்பெட்டியைத் திறந்து, நைந்த நூல் புடவைகளை எடுத்தேன். என்னுடையதையும் கிழித்துச் சேர்த்து மழைநாள் முழுக்க உட்கார்ந்து குழந்தைக்குக் கவுதி, எங்கள் பக்கத்து ஒட்டுத்துணி மெத்தை, தைத்திருக்கிறேன். உன் புடவை மெத்தென்று இருக்கிறது, அதனால் குழந்தை படும் பக்கம் உன்னுடையது. என்னுடையது கீழே, தரை படும் பக்கம். என் துணி தாங்கும்.

பன்னிரண்டாம் நாள் தொட்டிலுக்கு நாங்கள் மூவரும் வருகிறோம். மாட்டையும் விளக்கையும் பக்கத்து வீட்டார் ஒரு வாரம் பார்த்துக்கொள்வார்கள், பேசிவிட்டேன். நீ குழந்தையோடு அங்கேயே மூன்று மாதம் முழுசாக இருந்து, அப்புறம் புறப்படலாம். அதுவரை அது உன் வீடு. நான் தொட்டிலாட்டிவிட்டு இங்கே திரும்பிவிடுவேன்.

ஒன்று கேட்பேன். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே உள்ளே வந்துவிடமாட்டேன். சம்பந்தி வீட்டுக்கு வருகிறவள், வாசலில் நிற்பேன். நீ செம்பில் தண்ணீர் எடுத்துவந்து என் காலில் ஊற்று. மஞ்சள் குங்குமம் கொடு. "வாங்க, உள்ள வாங்க, வழியெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?" என்று கேள். நான் தண்ணீர் உப்பு என்பேன், ரொட்டி தடிமன் என்பேன், பாயசத்தில் இனிப்புப் போதாது என்பேன். அது என் உரிமை, நீ பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வாசலில் நின்று ஊரில் உள்ள எல்லாரையும் நான் உள்ளே கூப்பிட்டிருக்கிறேன். என்னை யாரும் கூப்பிட்டதில்லை. மருமகளாக ஒரு தடவை நுழைந்தேன், அன்றே அடுப்படிக்குப் போய்விட்டேன். நீ கூப்பிடு பாகீரதி. இரண்டு தடவை கூப்பிடு. முதல் தடவை காது கேட்காத மாதிரி நிற்பேன்.

சுந்தரா